அரபி எழுத்தை டிசைனில் கையாள்வது எப்படி: முதல் எழுத்திலிருந்து பெயர்ப்பலகை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

துபாயிலோ தோஹாவிலோ ரியாத்திலோ ஒரு டிசைன் வேலைக்குப் போனால் முதல் வாரத்திலேயே அரபி கைக்கு வந்துவிடும். உணவக மெனு, மருந்துப் பெட்டி, கட்டுமான இடத்து எச்சரிக்கைப் பலகை, வங்கிச் செயலி என எதுவாக இருந்தாலும் அரபி இல்லாமல் வெளியே போகாது. அந்த வேலையைச் செய்கிற பலருக்கு அரபி வாசிக்கத் தெரியாது. ஆங்கில லேஅவுட்டை முடித்துவிட்டு, மிச்சம் இருக்கிற இடத்தில் அரபியை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். அரபி வாசிப்பவர் கண்ணுக்கு அது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டியின் அடிப்படை ஒன்றுதான். அரபியில் வடிவம் பெறுவது தனி எழுத்து அல்ல, சொல். இதை முழுசாக உள்வாங்கிக்கொண்டால் எந்த ஃபான்ட், எவ்வளவு இடைவெளி, லோகோவை எப்படிச் செய்வது என்கிற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்

அரபியில் 28 எழுத்துகள். வலமிருந்து இடமாக ஓடும். குறில் உயிர்களுக்குத் தனி எழுத்து இல்லை. மேலேயும் கீழேயும் இடும் சிறு குறிகள் அவற்றைக் காட்டும். செய்தித்தாளிலும் விளம்பரத்திலும் பெரும்பாலும் அவற்றை விட்டுவிடுவார்கள். அச்சிலும் இது கூட்டெழுத்துதான், கையெழுத்துக்கு மட்டும் அல்ல. ஒரே எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு மாதிரி, நடுவில் ஒரு மாதிரி, முடிவில் ஒரு மாதிரி, தனியாக நின்றால் இன்னொரு மாதிரி இருக்கும்.

அலிஃப், தால், தஹால், ரே, ஸாய், வாவ் ஆகிய ஆறும் தனக்கு முன்னால் வருகிற எழுத்தோடு சேரும், பின்னால் வருவதோடு சேராது. அதனால் ஒரே சொல்லுக்குள்ளேயே சின்னச் சின்ன இடைவெளிகள் விழும். அது பிழை இல்லை.

‘ஸலாம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இதில் நான்கு எழுத்துகள்: ஸீன், லாம், அலிஃப், மீம். வலது ஓரத்தில் ஸீன் மூன்று சிறு பற்களோடு தொடங்கி அப்படியே லாமுக்குள் போகும். லாமுக்கு அடுத்து அலிஃப் வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே உருவமாகியே தீரும். இரண்டு நிமிர்ந்த கோடுகள் அடியில் பின்னிக்கொள்கிற அந்தக் கூட்டுரு எல்லா ஃபான்டிலும் கட்டாயம். அலிஃப் இடது பக்கம் யாரோடும் சேராது என்பதால் அடுத்த மீம் தனித்து, வால் கீழே இறங்கி நிற்கும். ஆக நான்கு எழுத்து, கண்ணுக்குத் தெரிவது இரண்டே துண்டு.

இதே சொல்லை அரபி புரியாத மென்பொருளில் ஒட்டினால் நான்கும் தனித்தனி உருவில், தலைகீழ் வரிசையில், இடமிருந்து வலமாக நிற்கும். உலகம் முழுக்க விமான நிலையப் பலகைகளிலும், டி-ஷர்ட்டுகளிலும், சிலர் உடம்பில் குத்திய பச்சையிலும்கூட இந்தப் பிழையைப் பார்க்கலாம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: ஒரு வரியில் எந்த எழுத்தும் எதோடும் சேரவில்லை என்றால், அது உடைந்த அரபி. லாமும் அலிஃபும் பின்னாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் அதேதான்.

யூனிகோடு இதில் எழுத்தின் அடையாளத்தை மட்டுமே வைத்திருக்கும். எந்த இடத்தில் எந்த உருவம் என்பதை ஃபான்டுக்குள் இருக்கும் ஓப்பன்டைப் விதிகளைப் படித்து, வடிவமைக்கும் எஞ்சின் அந்த நேரத்தில் முடிவு செய்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் அந்த வேலையை ஹார்ஃப்பஸ் செய்கிறது. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போய் நிற்பதைச் செய்வதும் இதே எஞ்சின்தான்.

அடுத்தது புள்ளிகள். பே, தே, ஸே, நூன், யே ஆகிய ஐந்தும் சொல்லின் நடுவில் வெறும் ஒரு பல்லாகத்தான் இருக்கும். கீழே ஒரு புள்ளி இருந்தால் பே, மேலே இரண்டு என்றால் தே, மூன்று என்றால் ஸே, மேலே ஒன்று என்றால் நூன், கீழே இரண்டு என்றால் யே. எனவே புள்ளியை அலங்காரம் என்று நினைத்துத் தள்ளி வைக்கவோ, பின்னணிப் படத்தில் கரையவிடவோ கூடாது. புள்ளி போனால் எழுத்தே போயிற்று.

கையெழுத்து மரபைத் தேர்ந்தெடுப்பது

ஃபான்ட் மெனுவுக்குப் போவதற்கு முன்னால் எந்த மரபு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள்.

அப்பாஸிய பாக்தாதில் அமைச்சராக இருந்து 940-இல் இறந்த இப்னு முக்லா, எழுத்தின் அளவுகளுக்கு ஒரு முறை வகுத்தவர். நாணல் பேனாவின் முனையை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அலகு. அலிஃப் இத்தனை புள்ளி உயரம், அந்த அலிஃபையே விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவு என்று கணக்கு போகிறது. அவருக்குப் பின் இப்னுல் பவ்வாபும், 1298-இல் இறந்த யாகூத் அல் முஸ்தஃஸிமியும் அதை மெருகேற்றினார்கள். இன்றும் பேனா பிடித்துக் கற்கிறவர்கள் புள்ளி வைத்துத்தான் அளக்கிறார்கள். ஒரு ஃபான்ட் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், பெரும்பாலும் இந்த விகிதம்தான் எங்கோ உடைந்திருக்கும்.

நஸ்க் என்பது நூல்களின் கை. குர்ஆன் பிரதிகள், பாடப்புத்தகங்கள், செய்தித்தாள் எல்லாம் இதை ஒட்டியவை. நீண்ட வாசிப்புக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். துலுத் உயரமானது, கம்பீரமானது. பள்ளிவாசல் சுவர்களிலும் சவூதி கொடியிலும் இருப்பது. தலைப்புக்கு ஏற்றது, பத்திக்கு ஆகாது. கூஃபி கோணமானது. அதன் சதுர வகையை ஈரான், மத்திய ஆசியக் கட்டடங்களில் செங்கல்லாலேயே எழுதியிருக்கிறார்கள். ஈரான் கொடியின் பச்சை, சிவப்புப் பட்டைகளின் ஓரத்தில் 22 முறை வருகிற ‘அல்லாஹு அக்பர்’ கூஃபி சாயலில்தான் இருக்கிறது. நவீன சான்ஸ் எழுத்துருக்களில் பல கூஃபியிடம் கடன் வாங்கியவை. ருக்ஆ அன்றாடக் கையெழுத்து, குட்டையாகவும் வேகமாகவும் ஓடும். கடைப் பலகையிலும் விளம்பர வாசகத்திலும் நட்பான குரல் தரும். திவானி உதுமானிய அரசவையின் வளைந்த கை. அல் ஜசீராவின் நீர்த்துளி போன்ற சின்னம் அந்தச் சாயலில் எழுதிய பெயர்தான். மொராக்கோ பக்கத்து வாடிக்கையாளர் என்றால் மக்ரிபி என்ற தனி மரபே இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள்.

நஸ்தஅலீக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரசீகத்தில் 14-ஆம் நூற்றாண்டில் உருவாகி, உருதுவின் இயல்பான முகமாகிவிட்ட மரபு இது. ஒவ்வொரு சொல்லும் வலது மேலிருந்து இடது கீழாகச் சரிந்து இறங்கும். நேர்கோட்டில் ஈய எழுத்தை அடுக்கும் முறைக்கு இது கட்டுப்படவே இல்லை. 1981-இல் மிர்ஸா அகமது ஜமீல் மோனோடைப் நிறுவனத்தோடு சேர்ந்து நூரி நஸ்தஅலீக்கை உருவாக்கியபோது, ஏறக்குறைய 20,000 கூட்டுருக்களை வரைந்து வைத்துத்தான் கணினிக்குள் கொண்டுவர முடிந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய ‘முஸல்மான்’ உருது நாளிதழ், கம்ப்யூட்டர் வந்த பிறகும் காத்திபுகள் (கையெழுத்தர்கள்) கையால் எழுதியே பக்கம் அமைத்து வந்தது இந்தப் பின்னணியில்தான் புரியும். உருது வேலை வந்தால் அரபி நஸ்க் ஃபான்டைப் போட்டு அனுப்பாதீர்கள். வாசிக்க முடியும், ஆனால் உருதுக்காரர்களுக்கு அது அந்நியமாகத் தெரியும்.

ஃபான்டை எடைபோடுவது

அரபி ஃபான்டுகள் ஏன் இவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. நகரும் அச்செழுத்தில் வந்த முதல் அரபி நூல் 1514-இல் இத்தாலியின் ஃபானோவில் அச்சானது. இஸ்தான்புல்லில் இப்ராஹிம் முத்தஃபர்ரிகாவின் முதல் நூல் 1729-இல்தான் வந்தது. கெய்ரோவின் பூலாக் அச்சகம் 1820-ஐ ஒட்டித் தொடங்கியது. நான்கு உருவங்களையும் கூட்டுருக்களையும் ஈயத்தில் வார்ப்பதென்றால் நூற்றுக்கணக்கான அச்சுகள் வேண்டும். இந்தியாவிலும் ஈரானிலும் மொராக்கோவிலும் 19-ஆம் நூற்றாண்டில் கல்லச்சு அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு, கையெழுத்தை அப்படியே அச்சிடலாம் என்பது முக்கியமான காரணம்.

1950-களில் பெய்ரூத்தின் ‘அல் ஹயாத்’ பத்திரிகையின் காமில் முரூவ்வாவும் லைனோடைப் நிறுவனமும் சேர்ந்து, நான்கு உருவங்களை ஏறக்குறைய இரண்டாகக் குறைத்த எளிய அரபியைக் கொண்டுவந்தார்கள். செய்தித்தாளுக்கு வேகம் கிடைத்தது, சொற்களின் ஓட்டம் தட்டையானது. அந்த வெட்டுகள் இயந்திரத்தின் வரம்புக்காக நடந்தவை. அந்த வரம்பு இன்று இல்லை. இருந்தும் பல ஃபான்டுகள் அந்தத் தட்டையான வடிவத்தையே அரபியின் இயல்பு போலச் சுமக்கின்றன. நெதர்லாந்தின் டெக்கோடைப் போன்றவர்கள் கையெழுத்து விதிகளையே மென்பொருளாக்கிக் காட்டிய பிறகு, இதற்கு மேல் சாக்கு இல்லை என்பது என் கருத்து.

இன்று இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. காலித் ஹோஸ்னியின் அமீரி, 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பூலாக் அச்சகம் வெட்டிய நஸ்க்கை உயிர்ப்பித்தது. நூல்களுக்கு அதுதான் என் முதல் தேர்வு. நோட்டோ நஸ்க் திரைக்குப் பாதுகாப்பானது. குர்ஆனிலிருந்து ஆப்பிரிக்க மொழிகள் வரை கூடுதல் குறிகள் தேவைப்பட்டால் எஸ்ஐஎல் என்ற மொழி அமைப்பின் ஷெஹரசாத் நியூ. உருதுவுக்கு நோட்டோ நஸ்தஅலீக். செயலிகளுக்கும் விளம்பரத்துக்கும் கெய்ரோ, தஜவல், ஐபிஎம் பிளெக்ஸ் சான்ஸ் அரபிக் மூன்றும் பல தடிமன்களில் வருகின்றன. காசு கொடுத்து வாங்குவதென்றால் லெபனானைச் சேர்ந்த நதீன் ஷாஹின் வரைந்த ஃப்ரூட்டிகர் அரபிக், பாஸ்கல் ஸுக்பியின் 29எல்டி தொகுப்பு இரண்டையும் பாருங்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் ஃபான்டைச் சோதியுங்கள். உயிர்க்குறிகள் போட்ட ஒரு வரியை ஒட்டி, குறிகள் புள்ளிகளோடு முட்டுகின்றனவா என்று பாருங்கள். ஜீம், ஹே, கே வகையில் இரண்டு எழுத்து அடுத்தடுத்து வரும் சொல்லைப் போட்டுப் பாருங்கள். பற்கள் தொடர்ந்து வரும்போது ஸீனின் பல்லும் பேயின் பல்லும் பிரித்தறிய முடிகிறதா? இணைப்புக் கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இரும்புக் கம்பி போல ஓடினால் அது வாசிப்புக்கான ஃபான்ட் இல்லை. பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் பே (p), சே (ch), ஷே (zh), காஃப் (g) போன்ற கூடுதல் எழுத்துகள் இருக்கின்றனவா என்று தனியாகப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் சவூதி அரேபியா ரியாலுக்குப் புதிய குறியை அறிவித்தது. பழைய ஃபான்டுகளில் அது இருக்காது, விலைப்பட்டியல் வேலைக்கு இதையும் கேட்டு வையுங்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைப் பகுதிகளின் அரபுத்தமிழ் (அரபி எழுத்தில் எழுதிய தமிழ்) நூல்களை மறுபதிப்புச் செய்கிறவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம். தமிழின் ட, ப, ள, ங ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளியும் வளையமும் சேர்த்து உருவாக்கிய எழுத்துகள் பொதுவான ஃபான்டுகளில் கிடைப்பது அரிது. மாதிரிப் பக்கம் ஒன்றைத் தட்டச்சு செய்து, எல்லா எழுத்தும் வருகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

உரையை வாங்குவதும் ஒட்டுவதும்

உரையை வேர்ட் கோப்பாகவோ வெறும் யூனிகோடு உரையாகவோ வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்து நீங்களே தட்டச்சு செய்ய வேண்டாம். பிடிஎஃப்-இலிருந்து நகலெடுப்பதும் ஆபத்து. வரிசை புரண்டு வரலாம், அல்லது உருவங்கள் உறைந்துபோன பழைய குறியீடுகளாக வரலாம். அவை பார்க்க ஒழுங்காக இருக்கும், ஃபான்டை மாற்றும்போது உடையும், தேடினால் கிடைக்காது.

அடோபி மென்பொருள்களில் முதலில், இத்தகைய எழுத்துகளைச் சரியாகச் சேர்த்து அமைக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸரை இயக்குங்கள். இன்டிசைனில் யூனிகோடு தமிழ் அடித்தவர்களுக்கு இது பழகிய இடம்தான். பிறகு பத்தியின் திசையை வலமிருந்து இடம் என்று மாற்றுங்கள். வலப்பக்கம் ஒட்டி நிற்கும்படி அலைன் செய்வதும் திசையை மாற்றுவதும் ஒன்றல்ல. அலைன் மட்டும் செய்தால் முற்றுப்புள்ளி வாக்கியத்தின் தொடக்கத்தில் போய் நிற்கும், அடைப்புக்குறிகள் புரளும். இந்தப் பிழையை நான் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்ததில்லை. கமா, அரைப்புள்ளி, கேள்விக்குறி மூன்றுக்கும் அரபியில் தனி வடிவம் உண்டு. ஆங்கிலக் கமா வரியில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

புத்தகம் என்றால் ஆவணத்தைத் தொடங்கும்போதே பைண்டிங் வலப்பக்கம் என்று அமையுங்கள். கடைசியில் பக்கங்களைப் புரட்டிப் போடலாம் என்று விட்டால் வேலை இரண்டு மடங்கு.

எண்கள்

எண் இடமிருந்து வலமாகத்தான் ஓடும், சுற்றியுள்ள உரை எந்தத் திசையில் போனாலும். வளைகுடா, எகிப்து, ஈராக் பக்கம் கிழக்கு அரபி இலக்கங்கள் புழக்கத்தில் உள்ளன, கூடவே நமக்குப் பழகிய 1, 2, 3-உம். மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியாவில் பிந்தையது மட்டுமே. எதைப் போடுவது என்று வாடிக்கையாளரிடம் கேட்டு, ஒரு வேலை முழுக்க அதையே பின்பற்றுங்கள்.

கிழக்கு இலக்கங்களில் 5 சின்ன வட்டம் போல இருக்கும், நம் கண்ணுக்குப் பூஜ்யம்! உண்மையான பூஜ்யம் வெறும் ஒரு புள்ளி. 6 நம்முடைய 7 போலத் தெரியும், 7 ஆங்கில ‘வி’ மாதிரி, 8 அதைக் கவிழ்த்த மாதிரி. விலைப்பட்டியலைக் கண்ணால் பார்த்துத் திருத்தாதீர்கள். பாரசீகத்திலும் உருதுவிலும் சில இலக்கங்களின் உருவம் இன்னும் மாறும், யூனிகோடிலும் அவற்றுக்குத் தனித் தொகுதி இருக்கிறது.

தொலைபேசி எண்தான் பெரிய தொல்லை. இடைவெளி விட்டுப் பிரித்த எண்ணை அரபிப் பத்திக்குள் வைத்தால் தொகுதிகள் வலமிருந்து இடமாக வரிசை மாறிவிடும். நாட்டுக் குறியீடு கடைசிக்குப் போகும், கூட்டல் குறி தவறான பக்கம் நிற்கும். எண்ணை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு இடமிருந்து வலத் திசை கொடுங்கள். மின்னஞ்சல், இணைய முகவரிக்கும் அப்படியே. அச்சுக்கு முன் அந்த எண்ணைப் பார்த்து ஒருமுறை போன் போட்டு விடுங்கள்.

வரி அமைப்பு

எழுத்து இடைவெளியைத் தொடாதீர்கள். ஆங்கிலத் தலைப்பில் டிராக்கிங் கூட்டினால் நாகரிகமாக இருக்கலாம், அரபியில் அது இணைப்பை அறுத்துவிடும். அதே காரணத்தால்தான் சொல்லை வரி முடிவில் ஹைபன் போட்டு உடைப்பதும் அரபியில் இல்லை.

இரண்டு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் என்றால் கஷீதா இருக்கிறது. எழுத்துகளுக்கு இடையிலான இணைப்பை நீட்டி வரியை நிரப்பும் முறை இது. சுவடி எழுதியவர்களுக்கு எங்கே நீட்டலாம், எங்கே கூடாது என்று தெளிவான பழக்கம் இருந்தது. ஒரு சொல்லில் ஒருமுறைக்கு மேல் நீட்டுவதில்லை, லாம்-அலிஃபுக்கு நடுவில் நீட்டவே மாட்டார்கள். ருக்ஆவில் இந்த நீட்சிக்கு இடமே இல்லை. மென்பொருள் தானாகச் செய்யும் கஷீதா பெரும்பாலும் நேர்க்கோடு ஒன்றைச் செருகிவிட்டுப் போகும், பக்கம் முழுக்க ரயில் தண்டவாளம் போல ஆகிவிடும். பத்தி உரைக்கு வலப்பக்கம் மட்டும் ஒட்டி, இடப்பக்கத்தை விட்டுவிடுவதே மேல். தலைப்பில் ஒரே ஒரு நீட்சியை நல்ல இடத்தில் கையால் வைத்தால் அழகாக இருக்கும். கீபோர்டில் உள்ள நீட்டல் குறியை இணையதள உரைக்குள் போடாதீர்கள், தேடலில் அந்தச் சொல் கிடைக்காமல் போகலாம்.

வரிகளுக்கு இடையில் தாராளமாக விடுங்கள். நஸ்க் பத்திக்கு எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கில் தொடங்கிப் பாருங்கள், உயிர்க்குறிகள் இருந்தால் இன்னும் கூட்டுங்கள், நஸ்தஅலீக்குக்கு இரண்டு மடங்கு.

அழுத்தம் கொடுக்க அரபியில் பெரிய எழுத்து கிடையாது, ஆங்கில இட்டாலிக் மரபும் இல்லை. மென்பொருளின் போலிச் சாய்வு எழுத்தைக் கெடுக்கும். தடிமன், நிறம், அளவு போதும். தலைப்புக்கு வேறு மரபையே எடுப்பது பழைய சுவடிகளிலிருந்து வரும் நல்ல வழி.

இரண்டு மொழி ஒரே பக்கத்தில்

ஒரே பாயின்ட் அளவில் அரபி ஆங்கிலத்தைவிடச் சிறியதாகத் தெரியும். அதன் பற்களும் வளையங்களும் அவ்வளவு குட்டை. 15 அல்லது 20 சதவீதம் கூட்டித் தொடங்கி, பிறகு கண்ணால் சரிசெய்யுங்கள். தடிமனையும் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பேனாவின் வெட்டு வேறு என்பதால் அரபியில் கிடைக்கோடுகள் தடித்தும் நிமிர்ந்த கோடுகள் அதைவிட மெலிந்தும் இருக்கும், லத்தீனில் பெரும்பாலும் எதிர்மாறு. இரண்டு பத்தியையும் அச்செடுத்துத் தள்ளி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது கறுப்பாகத் தெரிகிறது என்று புரியும்.

லத்தீன் எழுத்தின் துண்டுகளை வெட்டி ஒட்டி அரபி ஆக்குகிற ஃபான்டுகள் நிறைய உலவுகின்றன. இரண்டும் ஒரே குடும்பம் போலத் தெரியும் என்று வாடிக்கையாளருக்கும் பிடிக்கும். எனக்கு இது ஒப்பவே இல்லை. ஒற்றுமை குரலில் இருக்க வேண்டும்: தடிமன், முனைகளின் கூர்மை, உள்வெளிகளின் அளவு. அரபியின் எலும்புக்கூடு அதன் பேனாவிலிருந்துதான் வர வேண்டும். 2004-இல் ஹுதா அபீஃபாரிஸ் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய கத் அறக்கட்டளை, டச்சு டிசைனர்களையும் அரபு டிசைனர்களையும் இணையாக உட்கார வைத்து இரட்டை ஃபான்டுகள் உருவாக்கியது இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான்.

பக்கத்தை அரபிக்காகத் திருப்பும்போது உரைப்பெட்டிகளை மட்டும் இடம் மாற்றினால் போதாது. ‘முன்பு, பின்பு’ படங்கள் வலமிருந்து தொடங்க வேண்டும். வரிசைப் படிகள், அம்புகள், செயலியின் பின்செல் பொத்தான் எல்லாம் திரும்பும். கடிகாரம், டிக் குறி, வீடியோவின் பிளே பொத்தான் திரும்பாது. லோகோவையும் மனித முகங்களையும் கண்ணாடிப் பிம்பமாக்காதீர்கள்.

இணையத்தில் பக்கத்தின் திசைப் பண்பை ‘ஆர்டிஎல்’ (வலமிருந்து இடம்) என்றும், மொழிக் குறியீட்டை அரபி, உருது, பாரசீகம் எதுவோ அதுவாகவும் தவறாமல் கொடுங்கள். ஒரே ஃபான்ட் மொழியைப் பொறுத்து உருவத்தை மாற்றக்கூடும். சிஎஸ்எஸ்ஸில் இடது, வலது என்று எழுதாமல் தொடக்கம், முடிவு என்ற பண்புகளைப் பயன்படுத்தினால் ஒரே கோப்பு இரண்டு திசைக்கும் போதும். எழுத்து இடைவெளி பூஜ்யம்.

லோகோ

அரபி லோகோவை ஃபான்டில் அடித்து முடித்துவிடாதீர்கள். சொல்லே உருவம் என்பதன் முழுப் பலனும் இங்கேதான் கிடைக்கும். பெயரை முதலில் ஒரு அரபிக் கையெழுத்தரிடம் மூன்று மரபுகளில் எழுதி வாங்குங்கள். எந்த எழுத்து உயர்கிறது, எது கீழே இறங்குகிறது, எங்கே இயல்பாக நீட்ட முடிகிறது என்று அந்தத் தாளே சொல்லும். சில பெயர்களில் அலிஃபும் லாமும் வரிசையாக நின்று தாளம் தரும், சிலவற்றில் நூனின் கிண்ணம் முழுப் பெயரையும் ஏந்தும். பிறகுதான் வெக்டர்.

ஃபான்டிலிருந்து எடுத்து அவுட்லைன் ஆக்கினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இடங்கள் தெரியும். நிறத்தில் வெளிப்படைத்தன்மை கொடுத்தாலோ ஸ்ட்ரோக் போட்டாலோ ஒவ்வொரு இணைப்பிலும் தையல் போல ஒரு கோடு விழும். பாத்ஃபைண்டரில் யுனைட் கொடுத்து ஒரே வடிவமாக்கி விடுங்கள். வினைல் வெட்டும் பிளாட்டருக்குப் போகும் கோப்பில் இதை மறந்தால் கத்தி ஒவ்வொரு இணைப்பையும் அறுத்துவிடும்.

குர்ஆன் வசனம் இருந்தால்

திருமண அழைப்பிதழ், ரமலான் வாழ்த்து, பள்ளிவாசல் வேலைகளில் வசனங்கள் வரும். அதை ஒருபோதும் நீங்களாகத் தட்டச்சு செய்யாதீர்கள், கூகுளில் கிடைத்த படத்தையும் எடுக்காதீர்கள். மதீனாவின் மன்னர் ஃபஹத் குர்ஆன் அச்சு வளாகம், உஸ்மான் தாஹாவின் கையெழுத்தை அடிப்படையாகக் கொண்ட ஃபான்டுகளை வெளியிட்டிருக்கிறது. சரிபார்த்த உரையை எடுத்து அதில் அமைத்து, ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். வசனமும் இறைவனின் பெயரும் கசங்கி எறியப்படும் பை, டிஷ்யூ, தரையில் ஒட்டும் ஸ்டிக்கர் போன்றவற்றில் வரக்கூடாது. வாடிக்கையாளரே கேட்டாலும் இதை எடுத்துச் சொல்லுங்கள். வசனத்தின் மேல் படமோ கோடோ ஏறாமல் சுற்றிலும் இடம் விடுங்கள்.

அனுப்புவதற்கு முன், மாட்டுவதற்கு முன்

அரபி வாசிக்கும் ஒருவரிடம் இறுதிக் கோப்பைக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேர்ட் கோப்பில் ஏற்கெனவே பார்த்தார் என்பது போதாது, லேஅவுட்டில்தான் உடையும். அவரிடம் மூன்று விஷயத்தைக் குறிப்பாகக் கேளுங்கள்: சொல் முடிவில் ஹேயும் புள்ளியிட்ட தே மர்பூதாவும் மாறியிருக்கிறதா, ஹம்ஸா என்ற சிறு குறி விடுபட்டிருக்கிறதா, வரி முறியும் இடம் பொருளைக் கெடுக்கிறதா. அச்சகத்துக்கு அவுட்லைன் ஆக்கிய பிடிஎஃப் கொடுங்கள், திருத்தக்கூடிய கோப்பை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்து ஆள் கோப்பை வேறு மென்பொருளில் திறந்து சேமித்தால் எழுத்து மறுபடி உடையும்.

பெயர்ப்பலகையில் கடைசிச் சிக்கல் புள்ளிகளிடமிருந்து வரும். அக்ரிலிக்கிலோ ஸ்டீலிலோ வெட்டினால் சொல் உடல் ஒரு துண்டாக வரும், புள்ளிகள் தனித்தனியாக ஒரு கவரில் வரும். மாட்டுகிறவருக்கு அரபி தெரியாது. எது எங்கே என்று அவரே ஊகித்து ஒட்டினால் பே நூனாகிவிடும், கடையின் பெயரே மாறிவிடும். எனவே பலகையின் நிஜ அளவில் ஒரு தாள் டெம்பிளேட் அச்செடுத்துக் கொடுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் எண் போட்டு, வெட்டிய துண்டின் பின்புறத்திலும் அதே எண்ணை எழுதச் சொல்லுங்கள். டெம்பிளேட்டின் மேல் விளிம்பு எது என்று அம்புக்குறியால் காட்டுங்கள், இல்லையென்றால் அதையே தலைகீழாக ஒட்டுவார்கள். மாட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிக்கும் முன் நேராக நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, அதை அரபி வாசிக்கும் அதே ஆளுக்கு அனுப்பி, அவர் ‘சரி’ என்ற பிறகு ஏணியை இறக்கச் சொல்லுங்கள்.